நாத்தனார் முடிச்சு

இப்போதெல்லாம் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் தாலி கட்டுவதைக் கண்ணால் பார்ப்பதில்லை. மேடைக்கு முன்னால் வீடியோக்காரர்களின் முதுகுகள் சுவர் மாதிரி நிற்கும். அதனால் பக்கத்தில் வைத்திருக்கும் பெரிய எல்.இ.டி. திரையைப் பார்த்துத்தான் எல்லோரும் அட்சதை போடுவார்கள். நம்பிராஜன் கல்யாணத்திலும் அப்படித்தான் மண்டபம் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நம்பி தாலியைக் கட்டி, முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தான். அதற்குப் பிறகு திரையில் நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மணப்பெண் செண்பகவல்லியின் பின்கழுத்தில், மஞ்சள் கயிற்றின் இரண்டு முனைகளும் தாமாக எழுந்தன. ஒன்றை ஒன்று சுற்றின. ஒரு முனை வளையத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது. முடிச்சு இறுகியது. பிறகு இன்னொன்று. கை இல்லை, ஆள் இல்லை, கயிறு மட்டும் வேலை செய்தது.

கெட்டிமேளம் பாதியில் நின்றது. அட்சதையை ஓங்கிய கைகள் ஓங்கியபடியே இருந்தன. எனக்கு முன்வரிசையில் ஒரு அம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "கடவுளே, யாரு போடுதா அந்த முடிச்ச?" என்றாள்.

யார் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அந்தக் கைகளை மறைத்து வைத்திருப்பதே நான்தான்.

என் பெயர் தமயந்தி. தரவுக் காப்பு ஆணையத்தின் தென்மண்டல அமலாக்க அதிகாரி. உயிருக்கு ஆபத்து இருக்கிறவர்களுக்கு நாங்கள் மறைப்பு ஆணை கொடுக்கிறோம். ஆணை கிடைத்தவரை எந்தக் கேமராவும் காட்டாது. கைப்பேசி, கடை வாசல், டோல்கேட், ட்ரோன் எல்லாம் அவர் முகம், நடை, குரலை அடையாளம் கண்டு அவரைத் துடைத்துவிட்டு, பின்னால் இருக்கும் சுவரையோ மரத்தையோ அந்த இடத்தில் நிரப்பிவிடும். பழைய படங்களும் போய்விடும். ஊரில் யார் கைப்பேசியில் இருந்தாலும், அம்மாவின் கைப்பேசியில் இருந்தாலும், அந்த முகம் அழிந்துவிடும். மறைப்பு வசதி இல்லாத கேமராவை விற்றவனையும் வைத்திருந்தவனையும் நான் சும்மா விட்டதில்லை. என்னைக் கண்டால் வீடியோக்காரர்கள் ஓட்டம் பிடிப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மேடையில் கண்ணுக்குத் தெரிந்தும் திரையில் தெரியாமலும் நின்றவள் ஆவுடைச்செல்வி, நம்பியின் ஒரே அக்கா. சொந்தத்துக்கு வெளியே தவசி என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டவள். அதற்காக அவளுடைய சித்தப்பா சங்கரபாண்டியன் தவசியின் வலது கையை வெட்டினார். இப்போது ஜாமீனில் மதுரையில் இருக்கிறார். நிபந்தனைப்படி சொந்த மாவட்ட எல்லைக்குள் கால் வைக்கக்கூடாது. ஆனால் அடுத்த வெட்டு ஆவுடைக்குத்தான் என்று பலர் முன்னால் சொன்னவர். மூன்று வருடமாக அவள் எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருந்தது எங்கள் மறைப்பு.

கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். நம்பி என் அலுவலகத்துக்கே வந்து நின்றான். "எங்க அக்கா முடிச்சு போடாம எனக்குக் கல்யாணம் வேண்டாம் மேடம். ஒண்ணுவிட்ட அக்கா, ரெண்டுவிட்ட அக்கான்னு யாரையாவது நிறுத்துன்னு சொல்லுதாவ. முடியாது" என்றான். சித்தப்பா வீட்டாரை அழைக்கவில்லை. ஊரை விட்டுத் தள்ளி, தென்காசிப் பக்கம் தோப்புக்கு நடுவில் ஒரு மண்டபம் பிடித்தார்கள். முந்தின நாளே நான் போய், வீடியோக்காரர் ரூபனின் கேமராக்களுக்கு முன்னால் ஆவுடையை நடக்கவிட்டுப் பார்த்தேன். மேடை ஏறினாள், இறங்கினாள், உட்கார்ந்தாள். திரையில் வெறும் மேடைதான் இருந்தது. எல்லாம் சரி என்று நானே சொன்னேன்.

கயிற்றைக் கையில் கொடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

"ரூபன், நேரலையை நிறுத்துங்க" என்று கத்தினேன். மணப்பெண்ணின் அண்ணன் தோஹாவில் இருந்ததால் கல்யாணம் இணையத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்துவதற்குள் கருத்துகள் வரிசையாக விழுந்தன. பேய் என்றான் ஒருவன். எடிட்டிங் என்றான் இன்னொருவன். அதற்குக் கீழே யாரோ ஒரு சொந்தக்காரர் வெகுளியாகக் கேட்டிருந்தார்: "நம்பிக்கு ஒரே அக்காதானே?"

சென்னையில் எங்கள் மறைப்புப் பிரிவின் பொறியாளர் ஜெயசீலனைப் போனில் பிடித்தேன்.

"கயிறு தெரியுது ஜெயசீலன். ஆள் தெரியல. கயிறு மட்டும் ஆடுது."

"என்ன கயிறு மேடம்?"

"தாலிக் கயிறு. நாத்தனார் முடிச்சு போடுறா."

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மறைப்புல இருக்கறவங்க கையில பை, குடை எது இருந்தாலும் அதையும் சேர்த்து மறைச்சிடும் மேடம். ஆனா ஒரு பொருள் ரெண்டு பேருக்கு நடுவுல இருந்தா, அது மறைப்பு இல்லாதவங்களோடதுன்னு எடுத்துக்கும். தாலி பொண்ணோடது. அதனால கயிறு நிக்கும், கை போயிடும்."

"இதைச் சோதிச்சுப் பார்க்கலையா?"

"ரோடு, பஸ், கடை, கோர்ட்டு எல்லாம் பார்த்தோம். கல்யாண வீட்டைப் பார்க்கல மேடம்" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

அவரைத் திட்ட நேரமில்லை. மேடையில் ஆவுடை திரையையே பார்த்தபடி நின்றாள். அவளுடைய அம்மா பிரமு ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டாள். பிரமு அம்மாளை நினைத்தால் காலையிலிருந்தே எனக்கு மனசு இளகிக் கிடந்தது. வந்ததும் வராததுமாக எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்து, "எம் மவ மொகம் என் போன்ல கூட இல்ல மேடம். மூணு வருசமா கனவுலதான் பாக்கேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவள். "போவும்போது நானே அவ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி கார்ல ஏத்தி விடட்டுமா?" என்றும் கேட்டாள். அதற்கென்னம்மா, தாராளமாக என்றேன்.

"உடனே கிளப்புங்க. பின்வாசல்ல வண்டியைக் கொண்டு வரச் சொல்லுங்க" என்று நம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது ரூபன் கூப்பிட்டார்.

"மேடம், இங்க கொஞ்சம் வாங்க. வாசல்ல என்னமோ நடக்கு."

மண்டபத்துக்கு மேலே அவருடைய ட்ரோன் பறந்துகொண்டிருந்தது. சின்னத் திரையில் தோப்பும், ஒற்றைப் பாதையும், சாலையில் போய் முட்டும் கேட்டும் தெரிந்தன. முன்வாசலானாலும் பின்வாசலானாலும் அந்த கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கேட்டை ஒட்டி ஒரு வெள்ளைக் கார். நாலு பேர். பந்திக்குக்கூட நிற்காமல் ஒரு குடும்பம் கிளம்பி வெளியே போனது. நாலு பேரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்தப் பெண்களைக் கைப்பேசியில் ஒரு தடவை பார்த்தார்கள், தலையைத் தூக்கி நேரில் ஒரு தடவை பார்த்தார்கள். பிறகு வழிவிட்டார்கள்.

"என்ன மேடம் பண்ணுதானுவ? போட்டோ எடுக்கானுவளா?" என்றார் ரூபன்.

எனக்குப் புரிந்துவிட்டது. சங்கரபாண்டியன் கூலிக்கு அனுப்பியவர்கள் ஆவுடையைப் பார்த்ததே இல்லை. காட்டிக் கொடுக்க ஒரு படமும் உலகத்தில் இல்லை, எல்லாவற்றையும் நாங்களே அழித்துவிட்டோம். அதனால் அவர்களுக்கு முகம் தேவைப்படவில்லை. நேரில் தெரிகிறவள் கைப்பேசியில் தெரியாவிட்டால் அவள்தான் ஆவுடை. முக்காடு போட்டாலும், மொட்டை அடித்தாலும், வேறு வேஷம் கட்டினாலும் தப்ப முடியாது. அவளைக் காப்பாற்றக் கொடுத்த மறைப்பே அவள் நெற்றியில் பச்சை குத்தின மாதிரி ஆகிவிட்டது.

ஜெயசீலன் இன்னும் தொடர்பில்தான் இருந்தார். "ஆணையை ரத்து பண்ணிடலாமா மேடம்?" என்றார்.

"நீதிபதி கையெழுத்துப் போடணும். இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை."

காவல் நிலையத்துக்குப் போன் அடித்தேன். எல்லோரும் பக்கத்து ஊரில் அமைச்சர் பந்தோபஸ்தில் இருக்கிறார்களாம், வர நேரம் ஆகுமாம். யாருக்கு ஆபத்து என்று கேட்டார்கள். மறைப்பில் இருப்பவர் பெயரைக் காவல் நிலையத்துக்குச் சொல்லக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் வேண்டும் என்று மல்லுக்கட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அப்போதுதான் துணை மறைப்பு நினைவுக்கு வந்தது. மறைப்பில் இருப்பவரோடு வாழும் கணவன், குழந்தைகளுக்காக வைத்த ஏற்பாடு. அந்த இடத்திலேயே ஆணை கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டு. சம்பந்தப்பட்டவர் தன் குரலில் பெயரைச் சொல்லி, சம்மதம் என்று சொன்னால் போதும். எத்தனை பேருக்கு என்று சட்டம் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும் கைப்பேசியில் காணாமல் போனால் அது அவள். எல்லோருமே காணாமல் போனால்?

ஆனால் துணை மறைப்பைத் திரும்ப எடுக்க முடியாது. அதுவும் பழைய படங்களைச் சேர்த்துத்தான் அழிக்கும்.

நாதஸ்வரக்காரரின் மைக்கை வாங்கி எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். வெளியே நிற்பவர்கள் யார், எதற்கு நிற்கிறார்கள், நான் என்ன கேட்கிறேன், அதற்கு என்ன விலை என்று எதையும் ஒளிக்கவில்லை. "சம்மதம் சொன்னா உங்க கல்யாணப் படம், பிள்ளைங்களோட எடுத்த படம் எதுலயும் நீங்க இருக்கமாட்டீங்க. இனிமே எந்தப் படத்துலயும் வரமாட்டீங்க. யாரையும் கட்டாயப்படுத்தல" என்றேன்.

மண்டபத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன்.

"என்னைய மொதல்ல மறைங்க மேடம்" என்று மணமேடையிலிருந்து குரல் வந்தது. செண்பகவல்லி எழுந்து நின்றாள்.

அவளுடைய அம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "ஏட்டி, உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? ஒரு போட்டோகூட இல்லாம என்னட்டி கல்யாணம்? நாளைக்கு உம் பிள்ளைக்கு எதைக் காட்டுவ?"

"மதினியக் காட்டுதேன்" என்றாள் செண்பகவல்லி. "எங் கழுத்துல முடிச்சு போட்ட கைய வெளிய நிக்கவன் வெட்டுவான், நான் ஆல்பத்தப் பாத்துட்டு இருக்கணுமா?"

என் அலுவலகக் கருவியில் பெயரைச் சொன்னாள், சம்மதம் என்றாள். திரையில் அவள் நின்ற இடத்தில் பின்னாலிருந்த பூ அலங்காரம் மட்டும் இருந்தது. ஜடையில் மல்லிகையும் நகையுமாக விடியற்காலையிலிருந்து அவளைச் சிங்காரித்த அழகுநிலையப் பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணப் பெண்ணே முன்னால் நிற்கும்போது நான் அதிகாரி என்று ஒதுங்கி நிற்க வெட்கமாக இருந்தது. அடுத்து என் பெயரைச் சொன்னேன். அதற்கடுத்து நம்பி. அதற்குப் பிறகு வரிசை நின்றது. சமையல்கார அம்மாக்கள் கரண்டியோடு வந்தார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி, "என் ரீல்ஸ் எல்லாம் போயிருமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சம்மதம் என்றாள். சுவரெல்லாம் தன் முகத்தை ஒட்டிவைத்திருக்கும் கட்சி வட்டச் செயலாளர் ஒருவர் மட்டும் தூண் மறைவில் தயங்கினார். "தேர்தல் வருது மேடம்..." என்று இழுத்தார். "வெளிய ஒரு பொண்ணு உசுரு ஊசலாடுது, இவியளுக்கு மூஞ்சிதான் பெருசு" என்று அவருடைய மனைவி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னதும் அவரும் வந்து சேர்ந்தார்.

திரையில் மண்டபம் காலியாகிக்கொண்டே வந்தது. கண்ணெதிரே நெருக்கியடித்துக்கொண்டு நின்ற கூட்டம் திரையில் வெறும் நாற்காலிகளாகிவிட்டது. வாழைமரம் இருந்தது, குத்துவிளக்கு எரிந்தது, மனிதர்கள் இல்லை. அதைப் பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. என்றாலும் என் வேலையில் அத்தனை சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை.

திரையில் கடைசியாக ஒரே ஒரு ஆள் மிச்சம். முன்வரிசையில் பிரமு அம்மாள்.

"நீங்கம்மா?"

"என்னைய விட்டுருங்க மேடம்" என்றாள் தலையைக் குனிந்தபடி. "செத்துப்போன எங்க வீட்டுக்காரரோட நான் இருக்க படம் ஒண்ணே ஒண்ணுதான். அதுல இருந்து நான் போயிட்டா அவிய தனியா நிப்பாவ."

ஒருத்தி தெரிந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று நினைத்தேன். "சரிம்மா, நீங்க இங்கயே இருங்க" என்றேன்.

பின்வாசலில் இரண்டு வேன்கள் வந்து நின்றன, ஓட்டுநர்களும் சம்மதம் சொன்னவர்கள்தான். பெண்களில் பலர் முக்காடு போட்டுக்கொண்டு ஏற ஆரம்பித்தார்கள். ஆவுடையும் அவர்களுக்கு நடுவில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

"மேடம்" என்று ரூபன் என் காதருகே வந்தார். முகம் வெளிறியிருந்தது. "காலையில மாப்பிள்ளை அழைப்புக்கு ட்ரோன் விட்டேம்லா, அந்தப் பதிவை இப்பம் பாத்தேன். அந்த வெள்ளைக் கார் அப்பமே அங்கதான் நிக்கு."

"காலையிலேயேவா?"

"ஆமா. தாலி கட்டுததுக்கு ரொம்ப முன்னாடியே."

அப்படியானால் முடிச்சைப் பார்த்து அவர்கள் வரவில்லை. ஆவுடை வந்திருக்கிறாள் என்று முன்பே தெரிந்து வந்திருக்கிறார்கள். கேமராவில் கசியவில்லை. மண்டபத்துக்குள்ளிருந்து ஒருவர் சொல்லியிருக்கிறார்.

யார் என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். என் கண் தானாக எல்.இ.டி. திரைக்குப் போனது. காலி மண்டபத்தின் நடுவே பிரமு அம்மாள் மட்டும் நடந்துகொண்டிருந்தாள். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, காற்றை இறுகப் பிடித்திருந்தாள். விரல்கள் வளைந்திருந்தன. எதையோ இழுத்துக்கொண்டு போவதுபோல் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. போன திசை பின்வாசல் இல்லை, முன்வாசல்.

முந்நூறு பேரை மறைத்தும் பயனில்லை. கேட்டில் நிற்பவர்களுக்கு ஆவுடையைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. தெரிகிற ஒரே பெண்ணின் கை எதைப் பிடித்திருக்கிறதோ, அதுதான் அவள். 'போவும்போது நானே அவ கையப் பிடிச்சு' என்று காலையிலேயே கேட்டு என்னிடம் அனுமதியும் வாங்கிவிட்டாள்.

ஓடினேன். வாசற்படியில் அவர்களைப் பிடித்தேன். "ஆவுடை, வேன் பின்னாடி நிக்குது. நீ போ" என்றேன். அவள் திரும்பினாள், ஆனால் அம்மாவின் பிடி விடவில்லை. நான் பிரமு அம்மாளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அறுபது வயதுக் கைக்கு அத்தனை பலம். செண்பகவல்லி வந்து ஆவுடையை இழுத்துக்கொண்டு போனாள்.

நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். பிரமு அம்மாளின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"ஏன்மா?" என்றேன்.

அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. "கல்யாணத்தன்னைக்கே நம்பிய வெட்டுவேன்னாரு கொழுந்தன். அவளைக் காட்டிக் குடுத்தா இவனைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணாரு" என்றாள். பிறகு மெதுவாக, "ரெண்டு பிள்ளையில ஒண்ணாவது வேணும்லா மேடம்" என்றாள்.

கடைசி வேன் ஹாரன் அடித்தது. அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போய் ஏறிக்கொண்டேன்.

கேட்டில் நாலு பேரும் வேன்களை மறித்தார்கள். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். அவர்கள் திரையில் ஓட்டுநர்கூட இல்லாத வேன்தான் தெரிந்திருக்கும். நேரில் பார்த்தால் முக்காட்டுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்த பெண்கள். கைப்பேசியைத் தட்டிப் பார்த்தார்கள், துடைத்துப் பார்த்தார்கள். ஒருவன் யாருக்கோ போன் போட்டான். எங்களைத் தாண்டி மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து ஒரு அம்மாள் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். காத்திருந்தவன் எங்களுக்கு வழிவிட்டான்.

தோப்பைத் தாண்டிப் பெருஞ்சாலைக்கு வந்த பிறகுதான் வேனில் மூச்சு வந்தது. யாரோ சிரித்தார்கள், யாரோ அழுதார்கள். முன் சீட்டிலிருந்து நம்பி எட்டிப் பார்த்து, "அம்மா ஏறலையா மேடம்?" என்றான். அவனைத் தொடமாட்டேன் என்ற சத்தியம் இனி செல்லாது. அவனையும் செண்பகவல்லியையும் எந்த ஊரில் கொண்டுபோய் வைப்பது என்று நான் யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

"பின்னாடி வருவாங்க" என்றேன்.

ஆவுடை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முக்காட்டை எடுத்துவிட்டு வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். நாலு விரல் பதிந்து சிவந்திருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை இந்த மூன்று வருடத்தில் நான் பார்த்ததில்லை.

"எங்க அம்மா என் கைய இவ்வளவு இறுக்கிப் பிடிச்சு எத்தனையோ வருசம் ஆச்சு மேடம்" என்றாள். "அவளுக்கு என்னைய விடவே மனசில்ல, பாத்தீங்களா?"

நான் அந்தச் சிவந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆமாம்மா" என்றேன்.